சூத்திரத்தைத் திருப்பிப் போடுதல்

பள்ளிக்கூடத்தில் தனிவட்டிக் கணக்கைப் பெரும்பாலும் ஒரே முகமாகத்தான் கேட்பார்கள்: அசல் இவ்வளவு, காலம் இவ்வளவு, வீதம் இவ்வளவு, வட்டி எவ்வளவு? கடன் வாங்கிய வீட்டில் கேள்வி அந்த வரிசையில் வருவதில்லை. “ஐம்பதாயிரம் வாங்கினோம். எட்டு மாசத்துல வட்டியா மட்டும் பன்னிரண்டாயிரம் போயிருக்கு. அப்படின்னா எத்தனை வட்டிக்குக் குடுத்திருக்கார்?” என்றுதான் வரும். வட்டி தெரிந்துவிட்டது, தெரிந்திருக்க வேண்டிய வீதம்தான் தெரியவில்லை.

வட்டி = அசல் × மாதம் × வீதம் ÷ 100

இதில் வீதத்தைத் தனியே நிறுத்தினால் இப்படி ஆகும்:

வீதம் = வட்டி × 100 ÷ (அசல் × மாதம்)

மேலே 12,00,000, கீழே 4,00,000. விடை 3. ஊர்ப் பேச்சில் இது ‘மூணு வட்டி’. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம்.

வட்டிச் சூத்திரத்தில் அளவுகள் நான்கு. ஆகவே அதிலிருந்து நான்கு சூத்திரங்கள் எழுதலாம். நான்கையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் நோட்ஸ்கள் கடையில் விற்கின்றன. அவற்றை நம்பாதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தாளின் ஓரத்திலேயே எடுத்துவிடலாம். எடுத்த பிறகு அந்தப் புதிய வடிவத்தைச் சற்று நின்று படிக்கவும் வேண்டும். பழைய வடிவத்தில் கண்ணுக்குத் தெரியாத சில செய்திகள் புதிய வடிவத்தில் வெளிப்படையாக நிற்கும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டு வேலைகளைப் பற்றியதுதான்.

குறியீடுகளுக்குப் பதிலாக முடிந்தவரை முழுச் சொற்களையே எழுதுகிறேன். நீளமாகிற இடத்தில் மட்டும் சொல்லின் முதல் எழுத்து.

கட்டியதற்கு எதிர்வரிசை

செல்சியசை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம்.

ஃபா = செ × 9 ÷ 5 + 32

நமக்குச் செல்சியஸ் வேண்டும். முதலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: செ என்ற எழுத்துக்கு இங்கே என்னென்ன நடந்திருக்கிறது, எந்த வரிசையில்? முதலில் 9-ஆல் பெருக்கப்பட்டது. பிறகு 5-ஆல் வகுக்கப்பட்டது. கடைசியாக 32 கூட்டப்பட்டது. ஹோட்டலில் பொட்டலம் கட்டும்போது முதலில் இலை, அதன்மேல் தாள், கடைசியில் நூல். பிரிப்பவர் நூலில் தொடங்கித்தான் ஆக வேண்டும். இங்கும் கடைசியாக வந்த 32-ஐத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

ஃபா − 32 = செ × 9 ÷ 5
(ஃபா − 32) × 5 = செ × 9
(ஃபா − 32) × 5 ÷ 9 = செ

அவசரக்காரர் முதலில் 5 ÷ 9-ஆல் பெருக்கிவிட்டு, பிறகு 32-ஐக் கழிப்பார். உடலின் இயல்பான வெப்பநிலை என்று சொல்லப்படும் 98.6-ஐ அதில் போட்டால் ஏறக்குறைய 22.8 டிகிரி செல்சியஸ் வரும். ஏசி அறையின் வெப்பநிலை அது. சரியான வரிசையில் செய்தால் 37. திருப்பிய சூத்திரத்தை இப்படி விடை தெரிந்த ஒரு எண்ணைப் போட்டுச் சோதிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 32 போட்டால் 0 வர வேண்டும், 212 போட்டால் 100 வர வேண்டும். இரண்டும் வந்துவிட்டால் இந்தச் சூத்திரத்தில் தவறு இருக்க வழியில்லை, ஏனென்றால் இது ஒரு நேர்கோடு. இரண்டு புள்ளிகள் சரியென்றால் கோடும் சரி.

பின்னிருந்து முன்னாகப் பிரிக்கும் இந்த முறை பழையது. கி.பி. 500-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியிலேயே இது விதியாகச் சொல்லப்பட்டிருக்கிறது: பெருக்கியது வகுக்கும், வகுத்தது பெருக்கும், கூட்டியது கழிக்கும், கழித்தது கூட்டும். 1150-இல் வந்த பாஸ்கரரின் லீலாவதியும் இதைத் தனியாகக் கற்பிக்கிறது. ஆனால் அவர்கள் கணக்கில் தெரிந்த அளவுகள் எல்லாம் எண்களாகவே இருந்தன. தெரிந்த அளவுக்கும் ஒரு எழுத்து, தெரியாத அளவுக்கும் ஒரு எழுத்து என்று வைத்துக்கொண்டு, எண்ணே இல்லாமல் சூத்திரத்தை மட்டும் திருப்பலாம் என்ற வசதியை முறையாகக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரர் ஃபிரான்சுவா வியத், ஆண்டு 1591. வழக்கறிஞர் தொழில் பார்த்தவர் அவர். எண்களைப் போடுவதற்கு முன்பே எழுத்துகளைத் திருப்பிவிடும் பழக்கத்துக்கு நாம் அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். எண்ணைப் போட்டுவிட்டுத் திருப்புகிறவர் அந்த ஒரு கணக்கை மட்டும் தீர்க்கிறார். எழுத்தைத் திருப்பிவிட்டு எண்ணைப் போடுகிறவரிடம் அடுத்த நூறு கணக்குக்கும் சூத்திரம் இருக்கிறது. தவறு நேர்ந்தாலும் எழுத்தில் கண்டுபிடிப்பது எளிது; 37.78 என்ற எண்ணைப் பார்த்து அது எங்கே பிறந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று வகுப்பில் ஒரு வாய்பாடு சொல்லித் தருகிறார்கள். வேகத்துக்கு நல்லது. ஆனால் எந்தக் குறி, ஏன் மாறுகிறது என்று தெரியாத பிள்ளை அதைப் பெருக்கலுக்கும் இழுத்துவிடும். மூன்று மடங்கு விலை 12 என்றால் விலை 12 ÷ (−3) என்று எழுதுகிற விடைத்தாள்கள் இப்படித்தான் உருவாகின்றன. எதுவும் பக்கம் தாண்டிப் போவதில்லை. சமக்குறியின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே காரியத்தைச் செய்கிறோம். அதனால் ஒரு பக்கத்தில் ஒன்று மறைந்து மறுபக்கத்தில் அதன் எதிர்ச்செயல் தெரிகிறது, அவ்வளவுதான். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ‘இருபுறமும் 32 கழித்தேன்’, ‘இருபுறமும் 9-ஆல் வகுத்தேன்’ என்று எழுதிக்கொண்டே போனால் கொஞ்ச நாளில் அந்த எழுத்து தேவைப்படாமல் போகும்.

பில்லுக்குள் இருக்கும் சதவீதம்

சதவீதம் கூட்டிய தொகையிலிருந்து பழைய தொகையை எடுப்பதில் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ரூபாய். வரிக்கு முன் விலை என்ன? 1,180-இல் 18 சதவீதத்தைக் கழித்து 967 ரூபாய் 60 காசு என்பார்கள். சூத்திரத்தை எழுதினால் அந்தத் தடுமாற்றம் வராது.

மொத்தம் = விலை × (1 + வரி ÷ 100)
விலை = மொத்தம் ÷ (1 + வரி ÷ 100)

1,180 ÷ 1.18 = 1,000. பெருக்கி ஏற்றியதை வகுத்துத்தான் இறக்க வேண்டும். கழித்தவர் 1,180-க்கு 18 சதவீதம் கண்டார். கடைக்காரர் போட்டதோ 1,000-க்கு 18 சதவீதம்.

இதையே நகைக்கடை பில்லுக்குக் கொண்டுபோவோம். நம் வீடுகளில் ஒரே நேரத்தில் இவ்வளவு பெரிய தொகை கைமாறுகிற கணக்குகள் குறைவு. சேதாரம் என்பது தங்கத்தின் எடையில் இத்தனை சதவீதம் என்று போடப்படுகிறது. முடிவில் 3 சதவீதம் ஜிஎஸ்டி. செய்கூலி தனியாக இருந்தால் அதையும் சேதாரத்துக்குள்ளேயே அடக்கிக்கொள்வோம். ஹால்மார்க் கட்டணத்தை விட்டுவிடுவோம்.

மொத்தம் = எடை × கிராம் விலை × (1 + சேதாரம் ÷ 100) × 1.03

விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டிக் கடைசித் தொகையை மட்டும் காட்டுகிறார். அதிலிருந்து சேதாரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். சேதாரம் என்ற சொல்லுக்கு நடந்தவை: 100-ஆல் வகுத்தார்கள், 1 கூட்டினார்கள், எடையாலும் விலையாலும் 1.03-ஆலும் பெருக்கினார்கள். பின்னிருந்து வருவோம்.

மொத்தம் ÷ (எடை × கிராம் விலை × 1.03) = 1 + சேதாரம் ÷ 100
சேதாரம் = 100 × [ மொத்தம் ÷ (எடை × கிராம் விலை × 1.03) − 1 ]

கணக்கு எளிதாக இருக்க, கிராம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இதைப் படிக்கும் நாளின் விலை வேறாக இருக்கும். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சங்கிலி. சொன்ன தொகை 64,602 ரூபாய். 8 × 7,000 = 56,000; அதை 1.03-ஆல் பெருக்க 57,680. 64,602-ஐ 57,680-ஆல் வகுத்தால் 1.12. சேதாரம் 12 சதவீதம்.

பக்கத்துக் கடையில் ‘சேதாரம் 10 சதவீதம் மட்டுமே’ என்று பலகை. ஆனால் அங்கே கிராமுக்கு 7,150 போடுகிறார்கள். அதே எடைக்குத் தொகை 64,808 வருகிறது. இந்தத் தொகையை நம் சூத்திரத்தில் போடும்போது கிராம் விலை என்ற இடத்தில் 7,000-ஐயே போடுங்கள். சேதாரம் 12.36 என்று வரும். பலகையில் இருப்பது 10, அன்றைய விலைக்கு உண்மையில் விழுவது 12.36. இரண்டு கடையையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க ஒரே எழுத்தைத் தனிப்படுத்தினால் போதும். ஆரத்துக்கும் வளையலுக்கும் சேதாரம் வேறுவேறு என்பதால் ஒரே வகை நகையைத்தான் இப்படி ஒப்பிட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

முக்கோணத்தை நம்பாதீர்கள்

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. ஓமின் விதி. ஐடிஐ மாணவர்களுக்கு இதை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டுவார்கள்: உச்சியில் மின்னழுத்தம், கீழே மற்ற இரண்டும். வேண்டியதை விரலால் மறைத்தால் மிச்சம் விடை. மூன்றே அளவுகள் பெருக்கலாக மட்டும் இருக்கும்வரை அது வேலை செய்யும். ஒரு கூட்டல் நுழைந்தாலும், ஒரு வர்க்கம் நுழைந்தாலும் முக்கோணம் கைவிட்டுவிடும். விரலை நம்பியவருக்குத் திருப்பத் தெரியாது.

திறனுக்கான சூத்திரத்தில் வர்க்கம் இருக்கிறது.

திறன் = மின்னழுத்தம்² ÷ மின்தடை

கீசர் தண்ணீரைச் சூடாக்க மறுக்கிறது. எலெக்ட்ரீஷியன் இணைப்பைக் கழற்றிவிட்டு எலிமெண்டின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைக்கிறார். மீட்டர் என்ன காட்டினால் எலிமெண்ட் நல்லது? மின்தடை வகுப்பானாகக் கீழே இருக்கிறது. கீழே இருப்பதை முதலில் மேலே கொண்டுவர இருபுறமும் மின்தடையால் பெருக்க வேண்டும். பிறகு திறனால் வகுக்க வேண்டும்.

திறன் × மின்தடை = மின்னழுத்தம்²
மின்தடை = மின்னழுத்தம்² ÷ திறன்

230 வோல்ட்டுக்கு 2,000 வாட் கீசர் என்றால் 52,900 ÷ 2,000 = 26.45 ஓம். மீட்டரில் ஏறத்தாழ 26 தெரிந்தால் எலிமெண்டில் குறையில்லை, தெர்மோஸ்டாட்டைப் பார்க்கலாம். எல்லையற்ற மின்தடை காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். திருப்பிய சூத்திரத்தைப் பார்த்து, மின்னழுத்தம் குறைந்தால் மின்தடையும் குறையும் என்று சிலர் படித்துவிடுவார்கள். எழுத்துகள் அப்படித்தான் சொல்வதுபோல் தோன்றும். ஆனால் கீசருக்குள் மாறாமல் இருப்பது கம்பியும் அதன் மின்தடையும்தான். மின்னழுத்தம் 200-க்கு இறங்கினால் 26.45 ஓம் அப்படியேதான் இருக்கும் (சூட்டால் வரும் சிறு மாற்றத்தை விட்டுவிடுவோம்), குறைவது திறன். 40,000 ÷ 26.45, ஏறக்குறைய 1,512 வாட். கோடையில் மாலை வேளை மின்னழுத்தம் இறங்கிய தெருவில் கீசர் ஏன் மந்தமாகிறது என்பதற்கு விடை இது. இடப்பக்கம் தனியே நிற்பதால் மட்டும் ஒரு அளவு மற்றவற்றின் விளைவாகிவிடாது. எது கைப்பிடியில் இருக்கிறது, எது இழுபட்டு வருகிறது என்பதைப் பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இயற்கணிதம் அதைச் சொல்லித் தராது.

மூலமும் வர்க்கமும்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டு ஈர்ப்பு முடுக்கம் காண்கிறார்கள். தனி ஊசலின் சூத்திரம்:

அலைவு நேரம் = 2 × பை × √(நீளம் ÷ ஈர்ப்பு)

ஈர்ப்பு எங்கே இருக்கிறது? வகுத்தலுக்குள், அது மூலக்குறிக்குள், அதற்கு வெளியே 2 பை. வெளியிலிருந்து உள்ளே வருவோம். 2 பையால் வகுக்க வேண்டும். இருபுறமும் வர்க்கம் எடுக்க மூலக்குறி போய்விடும். பிறகு கீழே இருக்கும் ஈர்ப்பை மேலே கொண்டுவர வேண்டும்.

அலைவு நேரம்² = 4 × பை² × நீளம் ÷ ஈர்ப்பு
ஈர்ப்பு = 4 × பை² × நீளம் ÷ அலைவு நேரம்²

நீளம் 1 மீட்டர், 20 அலைவுக்கு 40.1 நொடி என்றால் ஒரு அலைவுக்கு 2.005 நொடி. ஈர்ப்பு 9.82 மீட்டர்/நொடி² என்று வருகிறது. நல்ல விடை.

இப்போது திருப்பிய வடிவத்தைப் படியுங்கள். அலைவு நேரம் வர்க்கமாக நிற்கிறது. நேரத்தில் 1 சதவீதம் பிசகினால் விடையில் ஏறக்குறைய 2 சதவீதம் பிசகும். நீளத்தில் 1 சதவீதம் பிசகினால் 1 சதவீதம்தான். ஸ்டாப் கிளாக்கில் ஒரே ஒரு அலைவை அளக்காமல் 20 அலைவை அளந்து 20-ஆல் வகுக்கச் சொல்வது அதனால்தான். குண்டை விட்டவுடனேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. ‘சுழியம்’ என்று தொடங்கியிருக்க வேண்டும். அவர் 20 என்று நினைத்து நிறுத்தும்போது 19 அலைவுதான் ஆகியிருக்கும், நேரம் 38.1 நொடி. அவருக்கு ஈர்ப்பு 10.88 என்று வரும். ஐந்து சதவீதத் தவறு பத்து சதவீதத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. 10.9-ஐ ஒட்டி விடை எழுதிய நோட்டைப் பார்த்தால் எண்ணிக்கையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் போகும்போது, அதாவது வர்க்கத்தை நீக்கி மூலம் எடுக்கும்போது, இரண்டு விடைகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்: ஒன்று நேர்க்குறி, ஒன்று எதிர்க்குறி. தொட்டியின் கொள்ளளவும் உயரமும் தெரிந்து ஆரத்தைக் கண்டால் எதிர்க்குறி ஆரத்துக்குப் பொருளில்லை, தள்ளிவிடலாம். எறிந்த பந்து ஒரு உயரத்தில் இருக்கும் நேரத்தைக் கண்டால் இரண்டு விடையுமே உண்மையாக இருக்கலாம். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை.

ஒரே எழுத்து இரண்டு இடத்தில்

இதுவரை பார்த்தவற்றில் நமக்கு வேண்டிய எழுத்து ஒரே இடத்தில் இருந்தது. இரண்டு இடத்தில் இருந்தால் பின்னிருந்து பிரிக்கும் முறை நின்றுவிடும். எந்த இடத்திலிருந்து பிரிப்பது? இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வழி ஒன்று இருக்கிறது, அது எப்போதும் ஒரே வழிதான்.

குவிலென்சுக்கு ஆய்வகத்தில் பயன்படுத்தும் வடிவம் (கு குவியத் தொலைவு, பொ பொருளின் தொலைவு, பி பிம்பத்தின் தொலைவு):

கு = பொ × பி ÷ (பொ + பி)

பிம்பம் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். பி மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. முதலில் வகுத்தலை ஒழியுங்கள்.

கு × (பொ + பி) = பொ × பி

அடைப்பைத் திறந்து, பி உள்ள உறுப்புகளை எல்லாம் ஒரு பக்கம், இல்லாதவற்றை மறுபக்கம் சேருங்கள்.

கு × பொ = பொ × பி − கு × பி

வலப்பக்கத்தில் இரண்டு பி. பொதுவாக வெளியே எடுத்தால் ஒன்றாகிவிடும்.

கு × பொ = பி × (பொ − கு)
பி = கு × பொ ÷ (பொ − கு)

வகுத்தலை நீக்கு, திற, சேர், பொதுவில் எடு, வகு. இணையாக இணைத்த இரண்டு மின்தடைகளில் ஒன்றைக் காண்பதும் எழுத்துக்கு எழுத்து இதே கணக்குதான். இன்னொரு முறை எழுத வேண்டியதில்லை.

20 செ.மீ. லென்சுக்கு 30 செ.மீ. தொலைவில் மெழுகுவர்த்தியை வைத்தால் 600 ÷ 10, அதாவது 60 செ.மீ.-இல் திரையைப் பிடிக்க வேண்டும். திரையை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடுகிற வேலை மிச்சம். ஆனால் அதைவிடப் பெரிய ஆதாயம் பொ − கு என்ற வகுப்பானில் இருக்கிறது. பொருளைக் குவியத்திலேயே வைத்தால் அது பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. பிம்பம் எங்கும் விழாது, கதிர்கள் இணையாகப் போய்விடும். குவியத்துக்கும் உள்ளே தள்ளினால் வகுப்பான் எதிர்க்குறி. பிம்பம் திரையில் பிடிபடாது, லென்ஸ் உருப்பெருக்கியாகிவிடும். முதலில் எழுதிய வடிவத்தில் இவை எதுவும் கண்ணில் படவில்லை. திருப்பி முடித்ததும் வகுப்பான் எப்போது பூச்சியமாகும் என்று கேட்கப் பழகுங்கள். அடுத்த பகுதியில் அந்தக் கேள்விக்குப் பண மதிப்பு இருக்கிறது.

வீட்டுக்கடன்: அடுக்கில் இருக்கும் மாதங்கள்

வங்கித் தவணைச் சூத்திரம் பார்க்கப் பயமுறுத்தும். அதைப் பாதியாக உடைத்து எழுதிக்கொள்ளலாம். வ என்பது மாத வட்டி வீதம், பின்னமாக. ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் 0.09 ÷ 12 = 0.0075. ஒரு ரூபாய் எல்லா மாதமும் வட்டியோடு வளர்ந்து கடைசியில் எவ்வளவாகும் என்பதைப் பெருக்கம் என்று அழைப்போம்.

பெருக்கம் = (1 + வ)^மாதங்கள்
தவணை = கடன் × வ × பெருக்கம் ÷ (பெருக்கம் − 1)

10 லட்சம், 9 சதவீதம், 240 மாதங்கள் என்றால் தவணை 8,997 ரூபாய். இதை எந்த வங்கியின் தளமும் நொடியில் சொல்லிவிடும். வீட்டில் எழும் கேள்வி வேறு: “மாசம் பத்தாயிரமா கட்டினா எப்ப முடியும்?”

மாதங்கள் அடுக்கில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நேராக அங்கே கை வைக்க வேண்டாம். பெருக்கம் என்ற மூட்டையை ஒரே எழுத்தாகப் பாவித்து முதலில் அதைத் தனிப்படுத்துங்கள். அது இரண்டு இடத்தில் இருக்கிறது; லென்சுக்குச் செய்ததையே செய்ய வேண்டும்.

தவணை × பெருக்கம் − தவணை = கடன் × வ × பெருக்கம்
பெருக்கம் × (தவணை − கடன் × வ) = தவணை
பெருக்கம் = தவணை ÷ (தவணை − கடன் × வ)

இனி அடுக்கை இறக்க மடக்கை எடுக்கிறோம். கால்குலேட்டரில் லாக் என்ற பொத்தான். ஃபோன் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் தெரியும்.

மாதங்கள் = லாக்(பெருக்கம்) ÷ லாக்(1 + வ)

கடன் × வ = 7,500. பெருக்கம் = 10,000 ÷ 2,500 = 4. லாக் 4-ஐ லாக் 1.0075-ஆல் வகுத்தால் 185.5. அதாவது 186-ஆவது மாதம் ஒரு சின்னத் தவணையோடு கடன் முடிகிறது. மாதம் 1,003 ரூபாய் கூடுதலாகக் கட்டியதற்கு 54 மாதங்கள், நாலரை ஆண்டுகள் குறைகின்றன. மொத்தத்தில் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய் மிச்சம்.

வகுப்பானைப் பாருங்கள்: தவணை − கடன் × வ. கடன் × வ என்பது முதல் மாத வட்டி. தவணை சரியாக 7,500 என்றால் வகுப்பான் பூச்சியம். வட்டி மட்டும் போகும், அசல் அசையாது, மாதங்களுக்கு முடிவில்லை. 7,500-க்குக் கீழே போனால் எதிர்க்குறி எண்ணுக்கு மடக்கை கேட்பீர்கள். கால்குலேட்டர் பிழை என்று காட்டும். அந்தக் கடன் ஆண்டுதோறும் வளர்கிறது என்று பொருள். மாறும் வட்டிக் கடனில் வீதம் ஏறும்போது தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால், இந்த வகுப்பான் சுருங்கிக்கொண்டே வரும். வீதம் உயர்ந்ததாகக் குறுஞ்செய்தி வந்தால், மீதிக் கடனை வ-ஆல் பெருக்கித் தவணைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

பிடி கொடுக்காத எழுத்து

இதே சூத்திரத்தில் கடனைத் தனிப்படுத்தலாம். சம்பளத்தில் இவ்வளவுதான் கட்ட முடியும், எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற கேள்விக்கு அது விடை. மாதங்களைத் தனிப்படுத்தினோம். மிச்சம் இருப்பது வ. அது முடியாது. வ வெளியே ஒருமுறை பெருக்கலாக நிற்கிறது, பெருக்கத்துக்குள் 36-ஆம் அடுக்கிலோ 240-ஆம் அடுக்கிலோ இன்னொருமுறை நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக்கும் வழியை இயற்கணிதம் தருவதில்லை. ஐந்தாம் படியிலிருந்தே, கூட்டல், பெருக்கல், மூலம் இவற்றை மட்டும் வைத்து எல்லாச் சமன்பாட்டுக்கும் பொதுவான சூத்திரம் எழுத முடியாது என்று நார்வேக்காரர் நீல்ஸ் ஏபல் 1824-இல் நிறுவிவிட்டார். கோள்களின் இடத்தைக் காணும் கெப்ளரின் சமன்பாட்டிலும் இதே சிக்கல்: கோணம் ஒருமுறை சைனுக்குள், ஒருமுறை வெளியே. வானியலாளர்கள் அதற்காக வேலையை நிறுத்திவிடவில்லை. விடையை ஊகித்து, போட்டுப் பார்த்து, திருத்தித் திருத்தி நெருங்கினார்கள்.

நாமும் அதையே செய்வோம். இருசக்கர வாகனக் கடன். 1,00,000 ரூபாய், 36 மாதம், ‘ஃபிளாட் 10 சதவீதம்’. ஷோரூமில் போடும் கணக்கு இப்படி: ஆண்டுக்குப் பத்தாயிரம், மூன்று ஆண்டுக்கு முப்பதாயிரம், மொத்தம் 1,30,000-ஐ 36-ஆல் வகுக்க, மாதம் 3,611 ரூபாய். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கடைசிவரை போடப்படுகிறது. குறையும் நிலுவைக்கு வட்டி என்ற வங்கிக் கணக்குப்படி உண்மையான வீதம் என்ன?

மாதம் 1 சதவீதம் என்று ஊகியுங்கள். தவணைச் சூத்திரத்தில் 0.01 போட்டால் 3,321 வருகிறது. போதவில்லை. 2 சதவீதம் போட்டால் 3,923, அதிகம். நடுவில் 1.5 போடுங்கள்: 3,615. நான்கு ரூபாய்தான் அதிகம். 1.49 போட்டால் 3,609. நமக்கு வேண்டியது 3,611, ஆகவே இரண்டுக்கும் இடையில், 1.49-க்கு அருகில்; 1.493 என்று எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டால் பெருக்க ஆண்டுக்கு 17.9 சதவீதம். விரிதாளில் ‘ரேட்’ என்ற சார்பும் ‘கோல் சீக்’ என்ற கருவியும் உள்ளே இதே தேடலைத்தான் நமக்காகச் செய்கின்றன.

ஆவணக் கட்டணம் என்று 2,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டால் உங்களுக்குக் கிடைத்த கடன் 98,000 மட்டுமே. தவணை அதே 3,611. கடன் என்ற இடத்தில் 98,000 போட்டுத் தேடலை மறுபடி தொடங்குங்கள். 1.6-இல் ஆரம்பித்தால் இரண்டு மூன்று திருத்தத்தில் 1.615 கிடைக்கும், ஆண்டுக்கு 19.4 சதவீதம்.